சொந்தக் கடையை மூடிய ராப்பர்: எல்-பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரன் த ஜுவல்ஸ் என்ற அமெரிக்க ராப் ஜோடியின் பாட்டு ஒன்றை யாருக்காவது அனுப்பினால் இரண்டு நாளில் ஏழெட்டுக் கேள்விகள் திரும்பி வந்துவிடுகின்றன. அந்தத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் யார், ஆல்பத்தை ஏன் சும்மா கொடுக்கிறார்கள், முன்னால் இவருக்கு ஒரு கம்பெனி இருந்ததாமே, அது என்னவாயிற்று. ஆளாளுக்குத் தனித்தனியாகத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். நான் இவருடைய ரசிகன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு, அதுவும் கீழே வரும்.

எல்-பி என்றால் யார்? எல்.பி. ரெக்கார்டா?

இல்லை. ஆனால் நம் ஊரில் இசைத்தட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், என் மாமாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். 'எல் ப்ரொடக்டோ' என்று வைத்துக்கொண்ட புனைபெயரின் சுருக்கம் எல்-பி. நிஜப் பெயர் ஜேமி மெலின். 1975-ல் பிறந்தவர், நியூயார்க்கின் புரூக்ளின் ஆள். ராப் பாடுவார், பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் இசை) செய்வார், அடுத்தவர் ஆல்பத்தை மொத்தமாகத் தயாரித்தும் கொடுப்பார். கிட்டத்தட்ட பத்து வருடம் டெஃபினிட்டிவ் ஜக்ஸ் என்ற லேபிளை, அதாவது பாட்டுகளை வெளியிடும் நிறுவனத்தை, நடத்தினார். இன்று பெரும்பாலானவர்களுக்கு ரன் த ஜுவல்ஸில் பாதியாகத்தான் தெரியும், மற்ற பாதி அட்லாண்டாவின் கில்லர் மைக்.

இசைக் குடும்பமா?

அப்பா ஹாரி கீஸ் ஜாஸ் பியானோ கலைஞர். ஆனால் வீட்டில் அவர் கூடவே இருந்து வளர்த்தார் என்று சொல்ல முடியாது, பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஓர் ஆளைப் பற்றி இவர் எழுதிய பாட்டுகள் உண்டு, அதற்கு வருகிறேன். பள்ளிக்கூடம் இவருக்கு ஒத்துவரவில்லை, பதின்ம வயதிலேயே ஒலிப்பதிவு படிக்கப் போய்விட்டார். பிற்காலத்துக்கு அந்தப் படிப்புதான் சோறு போட்டது. ஸ்டுடியோவுக்கு வாடகை கட்டி, இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய ராப்பராக இவர் ஒருநாளும் இருந்ததில்லை.

கம்பெனி ஃப்ளோ என்பது லேபிளா, குழுவா?

குழு. பெயரில் கம்பெனி இருப்பதால் வரும் குழப்பம். 1993-ல் தன் 18-ஆவது பிறந்தநாள் விருந்துக்கு டிஜே ஒருவரைக் கூப்பிட்டார் எல்-பி. வந்தவர் மிஸ்டர் லென். இருவரும் சேர்ந்தார்கள், அப்புறம் பிக் ஜஸ் என்ற ராப்பரும் வந்தார். அதே 1993-ல் ஒரு சிங்கிள், அடுத்த சில வருடங்களில் 'ஃபன்க்ரஷர்' என்ற சிறு தொகுப்பு, 1997-ல் அதை விரித்து 'ஃபன்க்ரஷர் ப்ளஸ்' என்ற முழு ஆல்பம்.

அந்த ஆல்பத்தைப் போட்டுக் கேட்டால் முதல் ஐந்து நிமிடம் உங்களுக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். 1997 என்பது நியூயார்க் ராப்பில் பளபளப்புச் சட்டை, ஷாம்பெயின், பழைய ஹிட் பாட்டின் மெட்டை அப்படியே தூக்கிப் போட்ட கோரஸ் எல்லாம் உச்சத்தில் இருந்த வருடம். அதற்கு நடுவே இவர்கள் துருப்பிடித்த இரும்பை இழுப்பது போன்ற ஒலியும், ஒரு மூச்சில் நாற்பது வார்த்தை அடைத்த வரிகளுமாக வந்து நின்றார்கள். கோரஸ் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றும் கிடையாது. பிற பதிவுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டை (சாம்பிள்) வைத்து வாசிக்கும் என்சானிக் சாம்ப்ளர் கருவியில் அன்றைக்கு நினைவகம் கொஞ்சம்தான், சில விநாடி ஒலியை மட்டும்தான் உள்ளே வைக்க முடியும், அதனால் சாம்பிளைத் தரம் குறைத்துச் சுருக்கிப் போடுவார்கள். அந்தக் கரகரப்பை இவர்கள் மறைக்கவில்லை, அதையே ஒலியின் குணமாக்கிக்கொண்டார்கள்.

ஆல்பத்தில் ஒரு வாசகத்தையும் முத்திரை போலப் போட்டிருந்தார்கள்: நாங்கள் சுதந்திரமானவர்கள் என்று ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து. பெரிய நிறுவனங்களுக்கு வெளியே இயங்கிய நியூயார்க் ராப் உலகில், அதாவது அண்டர்கிரவுண்டில், அது ஒரு கோஷமாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் சொந்தமாக ரெக்கார்டு வெளியிடுவது எப்படி சாத்தியம்?

இன்று பாட்டை முடித்து இரவு பதினோரு மணிக்கு ஏற்றினால் காலையில் உலகம் முழுக்க இருக்கும். அன்று பாட்டு ஒரு பொருள். 12 அங்குல வினைல் தட்டாக அச்சடிக்க வேண்டும், அதற்கு முன்பணம் வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் ஃபேட் பீட்ஸ் என்றொரு கடை இருந்தது, அவர்களே விநியோகமும் செய்தார்கள். அங்கே தட்டு சுவரில் தொங்கினால் டிஜேக்கள் கண்ணில் படும். டிஜே வாங்கினால் கிளப்பிலோ வானொலியிலோ ஒலிக்கும்.

வானொலி என்றால் பெரிய நிலையம் இல்லை, கல்லூரி வானொலி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 89.9 எஃப்எம்மில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் 1990 முதல் 1998 வரை நள்ளிரவு தாண்டி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒப்பந்தமே இல்லாத பையன்கள் அங்கே போய் மைக்கில் பாடுவார்கள், வீட்டில் விழித்திருப்பவர்கள் கேசட்டில் பதிவு செய்வார்கள், அந்தக் கேசட் கை மாறிக் கை மாறி ஊர் தாண்டிப் போகும். விளம்பரச் செலவு ஒரு பைசா இல்லை. கம்பெனி ஃப்ளோ இந்தப் பாதையில் வந்தவர்கள்தான், முதல் தொகுப்பைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே அச்சடித்தார்கள்.

அவ்வளவு சுதந்திரம் பேசியவர்கள் ஏன் ராக்கஸ் என்ற லேபிளில் சேர்ந்தார்கள்?

நல்ல கேள்வி, அன்றைக்கே பலர் கேட்ட கேள்வி. பெரிய நிறுவனங்கள் கூப்பிட்டன, இவர்கள் போகவில்லை. ராக்கஸ் அப்போது புதிது, இரண்டு இளைஞர்கள் தொடங்கியது, பின்னால் பணம் போட்டவர் ஜேம்ஸ் மர்டாக். ஆமாம், ரூபர்ட் மர்டாக்கின் மகன். பின்னாளில் நம் விஜய் டிவியை வாங்கிய ஸ்டார் குழுமமும் அப்போது அந்தக் குடும்பத்தினுடையதாகத்தான் இருந்தது. ஆக, அண்டர்கிரவுண்டின் கோட்டை என்று எல்லோரும் கொண்டாடிய லேபிளின் கல்லாப்பெட்டி உலகின் பெரிய ஊடக சாம்ராஜ்யத்தோடு ஒட்டியிருந்தது. எனக்கு இது இன்றும் சிரிப்பு வரவைக்கும் விஷயம்.

ஆனால் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. மாஸ்டர் எங்களுடையது, லாபம் பாதிப் பாதி, வருடக்கணக்கில் கட்டிப்போடக் கூடாது என்று பேசி வாங்கினார்கள். இருபத்திரண்டு வயதில் இந்தப் புத்தி எப்படி வந்தது என்று நான் வியந்ததுண்டு. அதற்குப் பலனும் கிடைத்தது. 2009-ல் 'ஃபன்க்ரஷர் ப்ளஸ்' மறுபதிப்பு வந்தபோது அதை வெளியிட்டது ராக்கஸ் இல்லை, எல்-பியின் சொந்த லேபிள்.

ராக்கஸோடு உறவு கசந்துதான் முடிந்தது. எவ்வளவு கசப்பு என்றால், அவர்களிடம் போய்ச் சேர்வதைப் பற்றி எல்-பி பின்னால் எழுதிய ஒரு வரியை இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் திறக்க முடியாது. ராக்கஸும் பிறகு ஒரு பெரிய நிறுவனத்தின் நிழலுக்குப் போய் மெல்ல மங்கியது.

மாஸ்டர் மாஸ்டர் என்கிறீர்களே, அது என்ன?

பாட்டின் மூலப் பதிவு. அதைக் கையில் வைத்திருப்பவர்தான் அச்சடிக்கலாம், விற்கலாம், படத்துக்கோ விளம்பரத்துக்கோ கொடுத்துக் காசு வாங்கலாம். வழக்கமான ஒப்பந்தத்தில் அது லேபிளுக்குப் போய்விடும், பாடியவருக்கு ராயல்டி மட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன், எந்த நிஜ ஒப்பந்தமும் இல்லை, புரிவதற்காக மட்டும். லேபிள் உங்களுக்கு அட்வான்ஸ், ஒலிப்பதிவு, வீடியோ எல்லாம் சேர்த்து 1,00,000 டாலர் செலவு செய்கிறது. சிடி விலை 10 டாலர், உங்கள் ராயல்டி 12 சதவீதம், அதாவது ஒரு சிடிக்கு 1 டாலர் 20 சென்ட். செலவு முழுவதையும் உங்கள் பங்கிலிருந்துதான் கழிப்பார்கள். அப்படியானால் 83,000 சிடிக்கு மேல் விற்ற பிறகுதான் உங்கள் கைக்கு முதல் டாலர் வரும். அதற்குள் லேபிள் தன் பணத்தை எப்போதோ எடுத்திருக்கும். கடன் நீங்கள் அடைத்தது, ஆனால் பத்திரம் அவர்கள் பெயரில்.

பாதிப் பாதி முறையில் செலவை இரண்டு பேரின் பொதுப் பணத்திலிருந்து கழிக்கிறார்கள். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் போக ஒரு சிடிக்கு 6 டாலர் மிஞ்சுகிறது என்று வையுங்கள். சுமார் 17,000 விற்றால் முதல் கழிந்துவிடும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு 3 டாலர். சின்ன லேபிளில் இருபதாயிரம் சிடி விற்றவர் வாடகை கட்டிவிடுவார், பெரிய லேபிளில் அதே இருபதாயிரம் விற்றவர் கடன்காரராக நிற்பார். அண்டர்கிரவுண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான், கொள்கை எல்லாம் இதற்கு மேல் போட்ட சட்டை.

டெஃப் ஜக்ஸா, டெஃபினிட்டிவ் ஜக்ஸா?

இரண்டும் ஒன்றுதான். ராக்கஸை விட்டு வந்தபின் எல்-பி தன் மேனேஜர் அமேச்சி உஸோய்க்வேயோடு சேர்ந்து தொடங்கியபோது டெஃப் ஜக்ஸ் என்றுதான் பெயர். 2001-ல் டெஃப் ஜாம் என்ற பெரிய ராப் லேபிள் வழக்குப் போட்டது, பெயர் எங்கள் பெயர் மாதிரி இருக்கிறது என்று. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆகி, பெயர் டெஃபினிட்டிவ் ஜக்ஸ் ஆனது. ரசிகர்கள் யாரும் அந்த நீளப் பெயரைச் சொல்வதில்லை, நானும் கீழே பழைய பெயரையே சொல்லப் போகிறேன், வழக்கு என் மேல் வராது என்ற தைரியத்தில்.

இதில் வேடிக்கை, டெஃப் ஜாமே 1980களில் ஒரு கல்லூரி விடுதி அறையில் தொடங்கிய சின்ன லேபிள்தான்.

'த கோல்ட் வெய்ன்' பற்றி ஏன் எல்லோரும் பயபக்தியோடு பேசுகிறார்கள்?

ஏனென்றால் அதற்கு ஈடாக இன்னொன்று வரவில்லை, அதைச் செய்தவர்களாலேயே முடியவில்லை. அதைப் பாடிய கேனிபல் ஆக்ஸ் என்பது வாஸ்ட் ஏர், வோர்டுல் மெகா என்ற இரண்டு ஹார்லம் இளைஞர்கள். பீட் முழுக்க எல்-பி. 2001 மே மாதம் வந்தது, டெஃப் ஜக்ஸின் பெயரை நிலைநாட்டிய ஆல்பம் அதுதான்.

குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யாத அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளியே பனி, ஜன்னல் விளிம்பில் புறாக்கள், தூரத்தில் ரயில். அந்த ஊரை யாரோ ஓர் அறிவியல் புனைகதைக்காரர் விண்கலமாக மாற்றி எழுதியது மாதிரி இருக்கும். எல்-பியின் சிந்தசைசர்கள் பின்னால் காற்றுபோல் ஊளையிடும், அதன் மேல் வாஸ்ட் ஏர் அவசரமே இல்லாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்பவர் மாதிரி வரிகளை இழுத்து இழுத்துச் சொல்வார். நகரத்தின் புறாவை அவர்கள் எங்கேயோ ஃபீனிக்ஸ் பறவையோடு சேர்க்கிறார்கள். அந்த ஒரு படிமத்துக்காகவே நான் முதல் தடவை கேட்டபோது திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டினேன்.

சில மாதத்தில் செப்டம்பர் 11 வந்தது. அதற்கு முன்பே வந்துவிட்ட அந்த ஆல்பத்தை அதற்குப் பிந்தைய நியூயார்க்கின் ஒலி என்று பலர் கேட்டார்கள். அது கேட்டவர்களின் மனநிலை, செய்தவர்களின் ஜோசியம் இல்லை.

அந்த லேபிளில் வேறு யார் இருந்தார்கள்?

ஈசாப் ராக் ('லேபர் டேஸ்', 2001 செப்டம்பர், வேலைக்குப் போகிறவன் வாழ்க்கை மேல் இவ்வளவு அகராதி கொட்டியவர் வேறு யாரும் இல்லை), ஆர்ஜேடி2 ('டெட்ரிங்கர்', 2002), பாஸ்டனின் மிஸ்டர் லிஃப் ('ஐ ஃபேன்டம்', 2002), லாஸ் ஏஞ்சல்ஸின் மர்ஸ், கேஜ், ராப் சானிக், கமு டாவ். 2001 முதல் 2003 வரை இவர்கள் வெளியிட்டதைப் பார்த்தால் ஒரு சின்ன அலுவலகம் இதை எப்படிச் சமாளித்தது என்று தோன்றும். ஆர்ஜேடி2-வைத் தெரியாது என்பவர்கள் 'மேட் மென்' தொடரின் தலைப்பிசையைக் கேட்டிருப்பீர்கள், அது அவருடையது. ஆனால் டெஃப் ஜக்ஸில் வந்தது இல்லை.

லேபிள் நடத்திக்கொண்டே அவர் சொந்தமாகவும் பாடினாரா?

பாடினார், ஆனால் எண்ணிப் பாருங்கள். 2002-ல் 'ஃபென்டாஸ்டிக் டேமேஜ்'. அடுத்த சொந்த ராப் ஆல்பம் 2007-ல், 'ஐ வில் ஸ்லீப் வென் யூ ஆர் டெட்'. நடுவில் 2004-ல் ஜாஸ் கலைஞர்களோடு ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். ஐந்து வருட இடைவெளி. மற்றவர்களின் பீட், மிக்ஸிங், வெளியீட்டுத் தேதி, காசோலை எல்லாம் இந்த ஐந்து வருடத்தைத் தின்றன என்பது என் கணிப்பு.

முதல் ஆல்பத்தில் 'ஸ்டெப்ஃபாதர் ஃபேக்டரி' என்று ஒரு பாட்டு. ஒரு கம்பெனி முதலாளி மேடையேறிப் புதுப் பொருளை அறிமுகப்படுத்துகிறார்: அப்பா இல்லாத வீடுகளுக்கு எந்திர மாற்றான் தந்தை. வேலைவாய்ப்பு பெருகும், குடும்பங்கள் நிறையும், பங்குதாரர்கள் மகிழ்வார்கள் என்று அதே கார்ப்பரேட் குரலில் அடுக்கிக்கொண்டே போகிறார். அப்புறம் கீழே பொடி எழுத்தில் போடுவதைப் போல ஒன்று சொல்கிறார். எந்திரம் ஓட மது ஊற்ற வேண்டும், ஊற்றினால் சில சமயம் அது கை நீட்டும். கடைசியில் அந்த எந்திரக் குரல், என்னை ஏன் இப்படி அடிக்க வைக்கிறாய் என்ற தொனியில் திரும்பத் திரும்பப் பேசும்.

கம்பெனி ஃப்ளோ காலத்தில் 'லாஸ்ட் குட் ஸ்லீப்' என்ற பாட்டில் இதே வீட்டை நேராகச் சொல்லியிருக்கிறார், பக்கத்து அறையில் அம்மா அடிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பையனாக. ஐந்து வருடம் கழித்து அந்த ஆளையே தொழிற்சாலைச் சரக்காக்கிவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். புரியாத வார்த்தை போட்டு மிரட்டுபவர் என்று இவரைச் சொல்பவர்களுக்கு என் பதில் இந்த இரண்டு பாட்டுகள்தான்.

பிடிக்காதது என்ன என்று சொல்வதாகச் சொன்னீர்களே?

சொல்கிறேன். கேட்பவர் மேல் இரக்கமே காட்டாமல் ஒலியை அடுக்குவார், 'ஃபென்டாஸ்டிக் டேமேஜ்' ஒரே மூச்சில் கேட்டால் எனக்குத் தலைவலி வரும், இன்றும். இன்னொன்று சண்டை. 90களின் கடைசியில் ஆன்டிகான் குழுவைச் சேர்ந்த சோல் என்ற ராப்பரோடு மோதல் வந்தபோது, அவரோடு பேசிய தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்து பாட்டிலேயே போட்டுவிட்டார். மோனிகா லெவின்ஸ்கியின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்த லிண்டா ட்ரிப்பின் பெயரைத்தான் அந்தப் பாட்டுக்கு வைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கேட்கும்போது கொஞ்சம் கூசுகிறது.

அப்புறம் ஏன் லேபிளை மூடினார்? நஷ்டமா?

2010 பிப்ரவரியில் அறிவித்தார்: லேபிள் இயக்கத்தை நிறுத்தி வைக்கிறோம், கலை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி நான் பாட்டு செய்யப் போகிறேன் என்று. திவால், சண்டை என்றெல்லாம் அவர் சொல்லவில்லை.

சூழலைப் பாருங்கள். டெஃப் ஜக்ஸ் பிறந்தது சிடி விற்ற கடைசிக் காலத்தில். ஒரு சிடிக்கு இத்தனை டாலர் என்ற மேலே போட்ட கணக்கு முழுக்க, ஆட்கள் கடைக்கு வந்து வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பாட்டுகளை இணையத்தில் சும்மா பகிர்ந்துகொள்ள வைத்த நாப்ஸ்டர் 1999-ல் வந்தது, 2003-ல் ஐட்யூன்ஸ் கடை, அதற்குப் பின் ஆல்பம் வெளிவருமுன்பே இணையத்தில் கசிவது சகஜமானது. இருபதாயிரம் விற்று வாடகை கட்டியவர் எட்டாயிரம் விற்கிறார் என்றால் பெரிய நிறுவனம் வேறு எங்காவது ஈடுகட்டும், சின்னது எங்கே போகும்? அதே 2010 செப்டம்பரில் ஃபேட் பீட்ஸ் தன் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளை மூடியது. லேபிளும் அதன் சரக்கு தொங்கிய சுவரும் ஒரே வருடத்தில் போயின.

என்னைக் கேட்டால் அவர் மூடியது சரி, இரண்டு வருடம் முன்பே மூடியிருக்கலாம். லேபிள் வைத்திருப்பதுதான் சுதந்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். மாஸ்டரைக் கையில் வைத்திருப்பது சுதந்திரம். லேபிள் நடத்துவது பத்துப் பேரின் சம்பளத் தேதிக்குப் பதில் சொல்வது, இரண்டும் வேறு வேறு. இவர் 1997-லேயே முதலாவதைச் சாதித்துவிட்டார், அதற்குப் பிறகு பத்து வருடம் இரண்டாவதைத் தூக்கிச் சுமந்தார். 'த கோல்ட் வெய்ன்' மாதிரி ஒன்று நமக்குக் கிடைத்ததும் அந்தச் சுமையால்தான் என்று யாராவது சண்டைக்கு வந்தால், அதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

கமு டாவ் யார்? ஏன் அவர் பெயர் அடிக்கடி வருகிறது?

ஒஹாயோவின் கொலம்பஸிலிருந்து வந்த பாடகர், எல்-பியின் நெருங்கிய நண்பர். ராப், பங்க், பாட்டு எதையும் பிரித்துப் பார்க்காதவர். நுரையீரல் புற்றுநோயால் 2008 மே மாதம் 30 வயதில் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட 'கிங் ஆஃப் ஹார்ட்ஸ்' பதிவுகளை எல்-பி 2010-ல் வெளியிட்டார், பெரிதாக மெருகேற்றாமல், இருந்தபடியே. எல்-பியின் 2012 ஆல்பத்தின் பெயர் 'கேன்சர் ஃபோர் க்யூர்', அதை அந்த நண்பருக்குத்தான் சமர்ப்பித்தார்.

கில்லர் மைக்கோடு எப்படிச் சேர்ந்தார்?

சேர்த்து வைத்தவர் அடல்ட் ஸ்விம் தொலைக்காட்சியின் ஜேசன் டிமார்கோ. கில்லர் மைக் அட்லாண்டாக்காரர், போலீஸ்காரரின் மகன், அவுட்காஸ்ட் என்ற குழுவோடு பாடி 2003-லேயே கிராமி வாங்கியவர். ஆனால் 2012-க்கு முன் அவருடைய தனி வாழ்க்கை தேங்கி நின்றது. இரண்டு மூன்று பீட் செய்து தருவதாகப் போன எல்-பி கடைசியில் முழு ஆல்பத்தையும் செய்துகொடுத்தார், 'ஆர்.ஏ.பி. மியூசிக்'. அதுவும் 'கேன்சர் ஃபோர் க்யூர்' ஆல்பமும் 2012 மே மாதம் ஒரு வார இடைவெளியில் வந்தன. இருவரும் சேர்ந்து டூர் போனார்கள், ஒத்துப்போனது, 2013 ஜூனில் ரன் த ஜுவல்ஸ். இருவரும் 1975-ல் பிறந்தவர்கள், அப்போது வயது 38. ராப்பில் அந்த வயதில் புதுக் குழுவாக முதல் ஆல்பம் போடுபவர்கள் அபூர்வம்.

ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?

முதல் ஆல்பம் ஃபூல்ஸ் கோல்ட் என்ற லேபிள் வழியாக இலவசப் பதிவிறக்கம். இரண்டாவது (2014, மாஸ் அப்பீல்) அதுவும் இலவசம். மூன்றாவதைச் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்பே 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவோடு இரவாக விட்டார்கள், அது இவர்களது சொந்த நிறுவனத்தின் பெயரில். நான்காவது 2020-ல், அதுவும் இலவசம்.

காசு வேறு வழியில் வருகிறது. பாட்டு சும்மா கிடைப்பதால் கேட்பவர் எண்ணிக்கை கூடுகிறது, அவர்களில் ஒரு பங்கு வினைல் வாங்குகிறார்கள், டி-ஷர்ட் வாங்குகிறார்கள், கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிய ஒரு கை, முஷ்டி மடக்கிய இன்னொரு கை, அந்தச் சின்னம் தெரியாத ராப் ரசிகர் இல்லை. 2015-ல் மார்வெல் தன் காமிக்ஸ் அட்டையிலேயே அந்தக் கைகளைப் போட்டது. பீர் பாட்டில் வரை போயிருக்கிறது. 90களில் இவர் தட்டை விற்றார், சட்டை விளம்பரம். இப்போது பாட்டு விளம்பரம், சட்டையும் தட்டும் சரக்கு. கணக்கு தலைகீழாகிவிட்டது, ஆனால் பெட்டியில் வைத்து விற்கும் பொருள் இன்னும் இருக்கிறது பாருங்கள்.

இதை எல்லோரும் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குப் பின்னால் ஆளுக்குப் பத்து வருடத்துக்கு மேல் சேர்த்த ரசிகர் கூட்டம் இருந்தது. நேற்று ஆரம்பித்தவர் ஆல்பத்தைச் சும்மா கொடுத்தால் அது சும்மா போகும்.

பூனை ஆல்பம் என்று ஒன்று கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம். இரண்டாவது ஆல்பத்தின் முன்பதிவுப் பட்டியலில் கேலிக்காக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்: 40,000 டாலர் கொடுத்தால் முழு ஆல்பத்தையும் பூனைச் சத்தத்தை மட்டும் வைத்து மறுபடி செய்து தருகிறோம். யார் கொடுக்கப் போகிறார்கள் என்று எழுதியதுதான். ஒரு ரசிகர் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் உண்டியல் வைத்துவிட்டார், 65,000 டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் பின்வாங்கவில்லை. போர்ட்டிஸ்ஹெட்டின் ஜெஃப் பேரோ, ஜஸ்ட் ப்ளேஸ், ஆல்கெமிஸ்ட், ப்ரின்ஸ் பால் என்று பெரிய கைகளை எல்லாம் இழுத்து 2015-ல் 'மியாவ் த ஜுவல்ஸ்' வந்தே விட்டது. அடித்தாழ் ஒலி (பாஸ்) இருக்க வேண்டிய இடத்தில் பூனையின் உறுமல், தாளத்துக்கு மியாவ். வந்த பணம் காவல்துறையினரால் கொல்லப்பட்ட எரிக் கார்னர், மைக்கேல் பிரவுன் குடும்பங்களுக்கு என்று ஒதுக்கினார்கள்.

எங்கள் வீட்டுப் பூனை இதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. விமர்சனமாக எடுத்துக்கொள்ளலாம்.

2020-ல் ஏன் அவர்கள் பெயர் செய்திகளில் வந்தது?

மே 25-ல் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார், ஊரெல்லாம் போராட்டம். நான்காவது ஆல்பம் ஜூன் 5-க்கு இருந்தது, ஜூன் 3-ஆம் தேதியே விட்டுவிட்டார்கள். அதில் ஒரு பாட்டில் கில்லர் மைக், மூச்சு விட முடியவில்லை என்ற கடைசி வார்த்தைகளைச் சொல்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் ஃபிளாய்டுக்காக எழுதியது என்று நினைத்தார்கள். ஆனால் அது முந்தைய வருடமே எழுதியது, 2014-ல் இறந்த எரிக் கார்னரை நினைத்து. ஆறு வருடத்தில் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அந்த ஆல்பம் பில்போர்ட் 200 என்ற அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது, இலவசமாகக் கொடுத்தும்.

இவ்வளவு பெரிய ஆளான பிறகும் அண்டர்கிரவுண்ட் என்று சொல்லலாமா?

வேண்டாம். 2022-ல் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற ராக் குழுவோடு பெரிய அரங்குகளில் பாடினார்கள். அங்கே போய் அண்டர்கிரவுண்ட் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். சுதந்திரமானவர் என்று சொல்லலாம்.

நானும் ராப் பாடுகிறேன், சொந்த லேபிள் ஆரம்பிக்கட்டுமா?

இது வாரம் ஒருமுறையாவது வருகிறது. தெரிந்த தம்பி ஒருவன் போன வருடம் ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினான், எட்டுப் பக்கம், ஐந்தாம் பக்கத்தில் அவனுடைய பதிவுகள் எல்லாம் 'நிரந்தரமாக' அவர்களுக்கே சொந்தம் என்று ஒற்றை வரி. அட்வான்ஸ் தொகையைப் பத்துத் தடவை படித்தவன் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. அண்ணா, இது சும்மா ஃபார்மாலிட்டி என்றார்கள் என்றான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: லேபிள் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த ஐந்தாம் பக்கத்தைப் படி, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டு.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் ரன் த ஜுவல்ஸ் இரண்டாவது ஆல்பம், பிறகு 'ஆர்.ஏ.பி. மியூசிக்', பிறகு 'த கோல்ட் வெய்ன்', காது பழகிய பிறகு 'ஃபன்க்ரஷர் ப்ளஸ்'. நேராகக் கடைசியானதில் குதித்தால் திட்டுவீர்கள், என்னை.

கெட்ட வார்த்தை இருக்குமா? வீட்டில் போடலாமா?

இருக்கும், அநேகமாக எல்லாப் பாட்டிலும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். பூனை ஆல்பத்திலும் இருக்கிறது, அங்கே சத்தத்தை மட்டும்தான் மாற்றினார்கள், வரிகளை இல்லை.